போடாமல் விட்ட வால்வு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். வந்து பேசினேன். கரண்டு கீசரைக் கழற்றிவிட்டு சோலாருக்கோ ஹீட் பம்ப்புக்கோ மாறுகிற வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ள வீட்டுக்கு என்ன போடலாம், மொட்டை மாடியில் எந்தப் பக்கம் நிழல் விழும், இதெல்லாம் சொன்னேன். கை தட்டினீர்கள். டவுன் பஸ்ஸில் உக்கடம் திரும்பும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. முப்பது வருஷம் சர்வீஸ் பார்த்தவன் சொல்ல வேண்டியது அதுவா? அதெல்லாம் கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப்பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

வடவள்ளியில் ஒரு வீடு. தாராபுரம் பக்கம் தோட்டம் துரவோடு இருந்த குடும்பம், மகன் கார்த்தி இங்கே பம்ப் செட்டுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்த பிறகு கோவைக்குக் குடிவந்தவர்கள். கார்த்தியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சர்க்கரை வேறு. அவரைப் பார்த்துக்கொள்ள காந்திபுரத்தில் உள்ள ஓர் ஏஜென்சி மூலம் சாந்தாமணி என்ற அம்மாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டோடு தங்கி, பெரியவருக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டு, தினம் இரண்டு தடவை உடம்பைக் கழுவிவிட்டு, படுக்கைப்புண் வராமல் வைத்திருந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுத்திருந்த மனிதருக்கு முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று கார்த்தியே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு வேளை வெந்நீர் வேண்டும் என்பதால்தான் சோலார். "கீசர் நாள் பூரா ஓடுதுங்க பாய். வெயில் இவ்வளவு அடிக்குது, அதையாவது புடிச்சுக்கலாமேன்னு பாக்கறேன்" என்றார் கார்த்தி. நல்ல யோசனை. நானே போய் வீட்டைப் பார்த்து அளவெடுத்தேன்.

பெரியவர் குளிக்கும் அறைக்குள் போனதும் ஒன்று புரிந்தது. அவருக்கு இடது காலில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சுட்டால் "ஆ" என்று சொல்ல வாயும் வராது. கரண்டு கீசரில் ஒரு சூட்டுக்கு மேல் போனால் தானாக அணைந்துவிடும். நீங்கள் இப்போது விற்கிற ஹீட் பம்ப்பும் அப்படித்தான். சூரியனை அப்படி அணைக்க முடியாது. யாரும் தண்ணீர் எடுக்காமல் நாலு நாள் வெயில் அடித்தால் டாங்கில் இருக்கும் தண்ணீர் கொதிக்கிற பக்கம் போய்விடும். அதனால் அந்தக் குளியலறைக்கு ஒரு மிக்சிங் வால்வு கட்டாயம் என்று எழுதினேன். உங்களுக்குத் தெரியும், பித்தளையில் கை அளவு இருக்கும். சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் உள்ளே வாங்கி, உடம்பு பொறுக்கிற சூட்டில் மட்டும் வெளியே விடும்.

சிஸ்டம் போடுகிற அன்றைக்கு வால்வு ஸ்டாக்கில் இல்லை. வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கார்த்திக்கு மறுநாள் வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் பயணம். போவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று நின்றார்.

"இப்பத்திக்கு நேராக் குடுத்துருங்க பாய். வால்வு வந்ததும் மாட்டிக்கலாம். அப்பாவுக்குத் தண்ணி இல்லாம இருக்கக் கூடாதுங்க."

குழாயை நேராகக் கொடுத்தேன். வேலைச் சீட்டில் 'வால்வு பாக்கி' என்று எழுதினேன். கார்த்தியை மாடிக்குக் கூட்டிப் போய் எல்லாம் விளக்கினேன். பாதியில் அவருக்கு போன் வந்துவிட்டது. கீழே வந்தபோது சாந்தாமணி வாளியோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் திருப்பினா சுடுதண்ணி வருமுங்க?"

"எடது பக்கம்மா."

அவ்வளவுதான் நான் அவரிடம் சொன்னது. அந்தக் குழாயைத் தினமும் திறக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் பேசியது இரண்டு வார்த்தை.

வால்வு பத்து நாளில் வந்தது. அது சீசன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஓடிக்கொண்டிருந்தோம். வடவள்ளிச் சீட்டு மற்றச் சீட்டுகளுக்கு அடியில் போய்விட்டது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இரண்டு தடவை ஞாபகம் வந்தது. அந்த வீட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லையே, அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன்.

சித்திரை மாதம் தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா, அவர்கள் பேச்சில் நோம்பி. பெரியவரையும் காரில் படுக்க வைத்துக் குடும்பத்தோடு போனார்கள். சாந்தாமணியும் கூடப் போனார். ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வாரமும் நல்ல வெயில்.

திரும்பி வந்த அன்று மத்தியானம், பயண அலுப்பில் இருந்த பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனார் சாந்தாமணி. கையில் பிடிக்கிற ஷவர் குழாயைத் திறந்து தன் கையில் விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீராக வந்தது. மாடியிலிருந்து கீழே வரும் குழாயில் ஒரு வாரமாக நின்ற தண்ணீர் அது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாக ஆனது. சரி என்று ஷவரைப் பெரியவரின் மடிமேல் வைத்துவிட்டு சோப்பு எடுக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் டாங்கின் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. ஆவியைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து குழாயைத் தட்டிவிட்டதில் அவர் கையும் வெந்தது. ஆனால் அதற்குள் பெரியவரின் இடது தொடையும் பாதமும் தோலுரிந்துவிட்டன. பெரியவர் ஒரு சத்தமும் போடவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

நடந்தது இதுதான் என்று இப்போது என்னால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு யாரும் வரிசையாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கார்த்தி வீட்டிலிருந்து ஆபீஸுக்கு போன் வந்தது. என் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோட்டைமேட்டில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் தங்கை கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். ஒரு தடவை டாங்க் வெடித்து ஒரு வீட்டின் கூரை விழுந்தபோது, தப்பு என்னுடையதாக இருந்தும் தன்மேல் போட்டுக்கொண்டவர். அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு வராது.

அவர் வேலைச் சீட்டைப் பார்த்தார். 'வால்வு பாக்கி' என்பதையும் பார்த்தார். சீட்டை மடித்துத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

"போய்ப் பாரு. என்ன கேக்கறாங்களோ அதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததை நீயா எடுத்துப் போடாத. நம்ம சிஸ்டத்துல பழுது இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வா."

"சார், அந்த வால்வு…"

"நான் சொன்னது கேட்டுச்சா?"

கேட்டது என்று தலையாட்டினேன்.

வடவள்ளி வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுக் காலில் கட்டோடு வந்து படுத்திருந்தார். அவருடைய தங்கை, கார்த்தியின் அத்தை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு சாந்தாமணி சமையலறைக் கதவோரம் நின்றார். அவர் கையை யாரும் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கவில்லை.

நான் மாடிக்குப் போனேன். வெயிலை வாங்கும் கண்ணாடிக் குழாய் எல்லாம் நன்றாக இருந்தது. டாங்க் நன்றாக இருந்தது. கீழே வந்து குளியலறைக் குழாயைத் திறந்து தெர்மாமீட்டரை வைத்தேன். முதலில் பச்சைத் தண்ணீர். அப்புறம் முள் ஏறிக்கொண்டே போனது. சுவரில் நான் நேராகக் கொடுத்த குழாய் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

வெளியே வந்ததும் கார்த்தி கேட்டார்.

"சிஸ்டம் சரியா வேலை செய்யுதுங்களா பாய்?"

"சரியா வேலை செய்யுதுங்க."

அது பொய் இல்லை. அந்த சிஸ்டம் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

அத்தை எழுந்து சாந்தாமணியிடம் வந்தார். "பாத்தியா, மிசினு மேல தப்பில்லைங்கறாரு. கொதிக்கிற தண்ணியக் கண்ணை மூடிக்கிட்டா ஊத்துன?"

சாந்தாமணி சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "கை வெச்சுப் பாத்தனுங்க அம்மணி. பச்சத்தண்ணியாத்தான் இருந்துச்சுங்க. அப்பறந்தான் அவருக்கு உட்டனுங்க."

"பச்சத்தண்ணியில ஒடம்பு வேகுமா? யாருகிட்டச் சொல்ற? போன்ல பேசிக்கிட்டு உட்டுப்போட்டு, இப்ப கதை சொல்றயா?"

"போன் என்கிட்டயே இல்லைங்க. அடுப்படியில சார்ஜுல கெடந்துச்சுங்க."

அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தோம். அந்த அம்மா சொல்வது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெர்மாமீட்டர் என் கையிலேயே இருந்தது. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க" என்று கேட்கவில்லை. வெறுமனே பார்த்தார். மிஷின் தெரிந்தவன் ஆச்சே, ஏதாவது சொல்வான் என்று நினைத்திருக்கலாம்.

நான் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவர் வலது கையைத் தூக்கிச் சாந்தாமணி நின்ற பக்கம் நீட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். தொண்டையில் கரகரவென்று வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. "பாத்தியா கார்த்தி, உங்கப்பாவே காட்டறாரு" என்றார் அத்தை. அவர் காட்டிக்கொடுக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் அந்தக் கையை விரித்து, வா என்றுதான் கூப்பிட்டார். மூன்று வருஷம் தினமும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

'கருவியில் பழுது ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கார்த்தி வாங்கிக்கொண்டார். நான் வண்டியை எடுக்கும்போது சாந்தாமணி துணிப்பையோடு கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் நான் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனேன்.

இரண்டு நாள் கழித்து வால்வை எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன். யாரும் கேட்கவில்லை. கார்த்தி வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா ஞாபகம் வெச்சு வந்திருக்கீங்க பாய். இனி யாரு குளிப்பாட்டினாலும் பயமில்லைங்க." ஒரு வாரத்தில் என் சேவையைப் பாராட்டிக் கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதினார். மேலாளர் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். ஒரு நகலை எனக்கும் கொடுத்தார்.

அந்த நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. காட்டிய பிறகு நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு ஒருத்தர் லெட்டர் எழுதிட்டாங்க. அந்தப் பொம்பளைக்கு யாரு எழுதுவா?"

காந்திபுரம் ஏஜென்சிக்குப் போனேன். நாலு மாடி ஏறி ஒரு சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா இருந்தார். சாந்தாமணி பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அவங்கள வேலையில இருந்து எடுத்தாச்சுங்க. நோயாளியச் சுடுதண்ணியில சுட்டுப்போட்டாங்க. அப்பேர்ப்பட்டவங்கள இன்னொரு ஊட்டுக்கு எப்புடீங்க அனுப்பறது? நாளைக்கு எங்க பேருதானுங்க கெடும்."

"அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் அந்த சோலார் போட்டவன்."

"அப்ப உங்க கம்பெனி பேப்பர்ல எழுதிக் குடுங்க. சேத்துக்கறேன்."

நியாயமான பேச்சு. ஆபீஸுக்கு வந்து மேலாளரிடம் கேட்டேன். அவர் மேஜையைத் திறந்தார். வேலைச் சீட்டை எடுப்பார் என்று நினைத்தேன். மாத்திரை டப்பாவை எடுத்து ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

"அந்த வேலைச் சீட்டு இங்கிருந்து வெளிய போனா, நாளைக்கு கேஸுன்னு வந்தா, யாரு பேரு இருக்கும்னு நெனைக்கற? கையெழுத்துப் போட்டவன் நீ. உன்னைக் காப்பாத்தத்தான் அத உள்ள வெச்சிருக்கேன்."

அவர் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார். அந்த அன்பை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

சர்க்கரை உடம்பில் வெந்த புண் ஆறவில்லை. புரட்டாசியில் பாதத்தை எடுத்தார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியவர் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். கூட்டம் குறைந்ததும் கார்த்தியைத் தனியாகக் கூப்பிட்டு, தோட்டத்துக் குழாயடியில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் நின்ற தண்ணீர், ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வீடு, நான் மாட்டாமல் விட்ட வால்வு, மறைத்து எழுதிய ரிப்போர்ட். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை இறுக்கி அடைத்தார்.

"நேராக் குடுங்கன்னு நான்தானுங்க சொன்னேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பாவே போயிட்டாரு. இப்ப எதுக்குங்க பாய் இதெல்லாம்?"

"சாந்தாமணியம்மாவப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொன்னா, ஏஜென்சியில திரும்பச் சேத்துக்குவாங்க."

"அத்தைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாத்தீங்களா? ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் நான் என்னன்னு சொல்லுவேன்? பாக்கலாமுங்க."

பார்க்கவில்லை. பார்க்கமாட்டார் என்று அப்போதே தெரிந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் என்னைப்போலத்தான்.

மறு வருஷம் மே மாதம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன். கார்த்தியின் மனைவி பேசினார். நான் சொன்னதைக் கார்த்தி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"சாந்தாமணியக்கா சரவணம்பட்டியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்கு இருக்காங்கண்ணா. மார்க்கெட்டுல பாத்தேன். பாத்ததுல இருந்து மனசே செரியில்லை. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க." ஹாஸ்டல் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதே கிளம்பினேன். மூன்று மாடிக் கட்டடம். கல்லூரிப் பெண்கள் தங்குவது. கோடை விடுமுறைக்கு மூடிக் கிடந்தது. பின்பக்கம் சமையல்கூடத்தில் சாந்தாமணி பெரிய அண்டா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு. பாதியிலேயே அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"இத என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு அந்த ஊட்டுல, அத்தனை பேருக்கு முன்னால சொல்லியிருக்கோணுமுங்க."

"ஆமாம்மா. மன்னிச்சிருங்க."

"அந்தப் பெரியவரு கடைசியா கையக் காட்டுனாரு. நான் கிட்டப் போகறதுக்குள்ள என்னய வெளிய போகச் சொல்லிப்போட்டாங்க. அவரு என்ன நெனைச்சுட்டுப் போனாரோ." கையில் இருந்த நாரை அண்டாவுக்குள் போட்டார். "அதுக்கு நீங்க மன்னிப்புக் கேட்டு நான் என்னங்க பண்றது?"

அவர் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மொட்டை மாடியைப் பார்த்தார்.

"மேல இருக்கறதும் அதே சூரியத் தண்ணிதானுங்க. லீவு உட்டதுல இருந்து ஒரு மாசமா யாரும் தண்ணி எடுக்கலைங்க. நாளைக்குப் புள்ளைக வாராங்க. அன்னைக்கும் ஊடு பூட்டிக் கெடந்ததுக்கு அப்பறந்தானுங்க அப்படி ஆச்சு. நானும் ரெண்டு நாளா வார்டனம்மாகிட்டச் சொல்லிட்டே இருக்கேன். சமையல்காரிக்கு என்ன தெரியும்னு கேக்க மாட்டேங்கறாங்க. வந்ததுக்கு மேல ஏறிப் பாத்துட்டுப் போங்க."

யாரும் சொல்லித்தராமல் அவரே யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது யாரும் தண்ணீர் எடுக்காத டாங்க் என்ன ஆகும் என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொன்னவர்கள் குறைவு.

வார்டனிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன். வேறு ஏதோ கம்பெனி போட்ட சிஸ்டம், வரிசையாக நாலு டாங்க். எதிலும் வால்வு இல்லை. முதல் மாடிக் குளியலறையில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு வார்டனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். முதலில் பச்சைத் தண்ணீர். "என்னங்க, நல்லாத்தானே வருது" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அறை முழுக்க ஆவி ஏறியதும் அவர் வெளியே ஓடிவிட்டார்.

கீழே போகும் வெந்நீர்க் குழாய்களை எல்லாம் மாடியிலேயே அடைத்து, கைப்பிடிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆவி போகும் குழாயை மட்டும் திறந்தபடி விட்டேன். ஹாஸ்டல் முதலாளி போனில் சத்தம் போட்டார். "நாளைக்குப் பேரண்ட்ஸ் எல்லாம் வருவாங்க, வெந்நீர் இல்லைன்னா என்ன சொல்லுவாங்க? உங்க கம்பெனி சிஸ்டமா அது? தொடறதுக்கு நீங்க யாருங்க?" வால்வு வரும்வரை திறக்கமாட்டேன் என்றேன். அவர் என் மேலாளருக்குப் பேசினார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்தவன் போட்டதுல போயிக் கை வெச்சிருக்கற. பைத்தியமா உனக்கு? கைப்பிடியக் குடுத்துட்டு வா."

"இல்லைங்க சார்."

அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு, நான் ஓய்வு பெறும்வரை, வேலை விஷயம் தவிர என்னிடம் அவர் பேசவில்லை. அவர் என் வீட்டுக்கு வருவதும் நின்றது. உண்மை பேசினால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை. நேரம் தவறிப் பேசினால் அதற்கும் தனியாக விலை இருக்கிறது, அதையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

வால்வு வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் அந்தப் பெண்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு என்னைத் திட்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில் லீவு போட்டுவிட்டுப் போய் நானே மாட்டினேன். எல்லாக் குழாயையும் திறந்து சூடு பார்த்துவிட்டு வார்டனிடம் சொன்னேன். அவர் சமையல்கூட ஜன்னலுக்குப் போய், "சாந்தாக்கா, வால்வு போட்டாச்சாம். இனிப் பயமில்லையாம்" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அவரு சொன்னா நம்பலாமுங்களா?"

வார்டன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு அது வேடிக்கை இல்லை என்று தெரியும். வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் சாந்தாமணி வெளியே வந்தார். என்னைத் தாண்டி மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் வெகுநேரம் ஓடவிட்டார். நான் படியடியிலேயே நின்றேன்.

இறங்கி வந்தவர் வார்டனைப் பார்த்து, "செரீங்க, புள்ளைகளக் குளிக்கச் சொல்லுங்க" என்றார். என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வடவள்ளி வீட்டு ரிப்போர்ட்டின் நகல் இன்னும் நம் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கிறது. 'கருவியில் பழுது ஏதும் இல்லை.' கீழே என் கையெழுத்து. நீங்கள் யாராவது எடுத்துப் பார்த்தால், எழுத்தில் ஒரு பிழை இருக்காது.